எங்கள் ஆஸ்பத்திரி ‘இருபது நிமிஷம்’

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். இந்த விஞ்ஞானப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் எல்லாம் படித்தவர்கள். நான் பத்தாவதோடு நின்றவள். மலை அடிவாரத்தில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் தரை துடைத்து, பாத்திரம் கழுவி, குப்பை பிரித்துக் கொட்டுகிற வேலை. நாலு பேர் நிற்கிற இடத்தில் வாயைத் திறக்கச் சொன்னால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். விஞ்ஞானம் எழுத எனக்குத் தகுதி கிடையாது. நான் எழுத வந்தது ஒரு மனிதரைப் பற்றி. அவர் வாயில் விஞ்ஞானத்தைத் தவிர வேறொன்றும் வராது என்பதால் அதுவும் கூடவே வந்துவிடுகிறது. தப்பு ஏதும் இருந்தால் அது நான் கேட்டுக்கொண்டதில் இருக்கும், அவர் சொன்னதில் இருக்காது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை உச்சி வரைக்கும் பேய் பயத்தை ஒழித்த ஒரே மனிதர் எங்கள் லேப் டெக்னீஷியன்தான். முனி, மோகினி, காத்து, கருப்பு எல்லாரையும் அவர் ஒரே வருடத்தில் ஊரைவிட்டுத் துரத்தினார். காலியான இடத்தில் அவர் குடிவைத்த புதுப் பயங்களைத்தான் எண்ணி முடியாது. முன்பெல்லாம் எங்கள் சனங்கள் இருட்டுக்கு மட்டும் பயந்தார்கள். அவர் வந்த பிறகு பகலிலும் பயந்தார்கள். துடைக்கிற துண்டுக்குப் பயந்தார்கள், ஊறவைத்த அரிசிக்குப் பயந்தார்கள், செல்போன் சார்ஜருக்குப் பயந்தார்கள்.

அவருக்குப் பெயர் இருந்தது. யாரும் சொல்வதில்லை. பாம்பு கடித்தவர்களுக்கு அவர் செய்கிற ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அது இருபது நிமிஷம் பிடிக்கும். கூட வந்தவர்கள் அழுதுகொண்டு “எவ்ளோ நேரம் சார்?” என்று கேட்டால், ஒரு விரலைத் தூக்கி, “இருபது நிமிஷம்” என்பார். நாளடைவில் அதுவே பெயராயிற்று. பொருத்தமான பெயர்தான். எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் வேண்டும். சுகர் டெஸ்ட் முடிவு வாங்கப் போனவர், சாப்பிட்ட சோறு எப்படிச் சர்க்கரை ஆகிறது, அது எந்த வழியாகக் கண்ணுக்கும் காலுக்கும் போகிறது என்று முழுதும் தெரிந்துகொண்டு, முடிவை வாங்காமலே பஸ் ஏறிவிடுவார்.

திருநாவலூர் பக்கத்து ஆள். ஒல்லி. சட்டைப் பையில் ஒரு காந்தம், ஒரு பலூன், கொஞ்சம் நூல். எந்த விளக்கத்தையும் அவர் “பயப்படாதீங்க” என்றுதான் தொடங்குவார். கேட்கிறவருக்கு மனசு லேசாகும். அடுத்து “ஆனா...” என்பார். அந்த ஆனாவுக்குப் பின்னால் வருவதைக் கேட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர் யாரும் இல்லை.

ஒருநாள் மூன்று ரொட்டித் துண்டு வாங்கிவந்தார். ஒன்றை சோப்பு போட்டுக் கழுவிய கையாலும், ஒன்றைத் தண்ணீரில் மட்டும் அலசிய கையாலும், மூன்றாவதைக் கழுவாத கையாலும் தொடவைத்து, தனித்தனிக் கவரில் போட்டுக் கட்டி, சீட்டு கொடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். கழுவாத கை வடக்கனந்தலிலிருந்து மாத்திரை வாங்க வந்த ஓர் அம்மாவுடையது. அடுத்த வாரம் அந்த அம்மா மறுபடியும் வந்தார்.

“இன்னா சார் இது, பச்சையா முடி மொளச்சிக்கினு கீது?”

“உங்க கை தொட்டதும்மா அது.”

“ஐயையோ, என் கைல இவ்ளோ முடியா?”

“முடி இல்லம்மா, பூஞ்சக்காளான். பயப்படாதீங்க, எல்லார் கையிலயும் கெடக்கறதுதான். ஆனா, அதே கையால நீங்க பேரப்புள்ளைக்கு சோறு ஊட்டுறீங்க பாருங்க...”

அந்த அம்மா தன் வலதுகையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, யாரோ கொடுத்துவிட்ட சாமானைத் தூக்கிப் போகிறவர்போல் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் நடந்தார். சோப்பு போட்டுத் தொட்ட ரொட்டி மட்டும் வெள்ளையாக இருந்தது. சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்தார்கள். எதிர்க் கடையில் சோப்பு தீர்ந்துபோயிற்று. நானும் வாங்கினேன். அந்தப் பச்சை முடி என் கனவிலே வந்தது. அதன் பிறகு சோப்பு படாத எதைத் தொட்டாலும் எனக்கு உடம்பு கூசும்.

மலைமேல் மருத்துவ முகாம் நடக்கும்போது நாங்கள் பஸ்ஸில் போவோம். ஒரு தடவை கண்டக்டர் அடிவாரத்தில் வாங்கிய மரவள்ளிக் கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டைக் கம்பியில் மாட்டியிருந்தார். பஸ் ஏற ஏற அது தானாக ஊதிக்கொண்டே வந்தது. பாதி மலையில் மத்தளம் மாதிரி விறைத்து நின்றது. உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது என்று ஒரு பெண் கத்திவிட்டாள்.

‘இருபது நிமிஷம்’ எழுந்து நின்றார். “பயப்படாதீங்க. பாக்கெட்டுக்குள்ள அடச்சது அடிவாரத்து காத்து. நம்ம தலைக்கு மேல இருக்கிற காத்தெல்லாம் சேர்ந்து எல்லாத்தையும் அழுத்திக்கினுதான் கீது. மேல போகப் போக அந்த அழுத்தம் கம்மியாவுது. உள்ள இருக்கிற காத்து, அடக்க ஆள் இல்லன்னு தெரிஞ்சதும் விரிஞ்சிக்குது. உங்க காது அடைக்குதுல்ல, அதுவும் இதேதான்.”

எல்லாரும் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கண்டக்டர் யோசித்தார்.

“அப்ப டயர்ல இருக்கிறதும் அடிவாரத்து காத்துதானே சார்?”

“டயரு தாங்கும். ஆனா எறங்கும்போது பாருங்க, பிரேக்கு. ரெண்டு கையையும் அழுத்தித் தேய்ங்க. சுடுதா? பிரேக்கும் அப்படித்தான். ஓயாம புடிச்சிக்கினே வந்தா சூடு ஜாஸ்தியாயி, புடிமானம் போயிடும். அதனாலதான் டிரைவரு சின்ன கியர்ல எறக்குறாரு.”

சாயந்திரம் இறங்கும்போது ஐம்பது பேரும் டிரைவரின் வலதுகாலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். அவர் பிரேக்கில் கால் வைத்தபோதெல்லாம் பின்னாலிருந்து “கியரு, கியரு” என்று குரல் வந்தது. அடிவாரத்தில் டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். “சார், அடுத்த தடவ நீங்க மட்டும் ஜீப்புல வந்துடுங்க.”

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். மூன்று வரை எண்ணினால் இடி விழுந்த இடம் ஒரு கிலோமீட்டர் தூரம். வெளிச்சம் உடனே வந்துவிடும், சத்தம் நடந்து வரும் என்பார். அதற்கு முன்னால் மின்னல் அடித்தால் கண்ணை மூடிக்கொள்வேன், அதோடு முடிந்தது. இப்போது கண்ணையும் மூட முடியாமல் எண்ண வேண்டியிருக்கிறது. ‘ஒண்ணு’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு தடவை இடித்துவிட்டது. அன்று பூராவும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இத்தனைக்கும் நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. லேபைத் துடைத்துக்கொண்டே காதில் வாங்கிக்கொள்வதோடு சரி. அவரும் என்னிடம் எதையும் விளக்கியதில்லை. கேட்கிறவர்களுக்குச் சொல்வார். நான் கேட்காத ஆள்.

அது கரும்பு வெட்டுக் காலம். ஒருநாள் அவர் லீவு. லேபைப் பெருக்கும்போது அலமாரியில் கண்ணாடி டியூபு அடுக்கிய அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். மூடி திறந்திருந்தது. டியூபின் வாயில் எல்லாம் மெல்லிய தூசி. எனக்கு அந்தப் பச்சை ரொட்டி கண் முன்னால் வந்துவிட்டது. அத்தனையையும் எடுத்து, சோப்புத்தூள் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, மறுபடியும் ஒருமுறை சோப்பு போட்டு, வெள்ளைத் துணி விரித்து வெயிலில் காயவைத்து, பெட்டியில் பழையபடியே அடுக்கினேன். வைரம் மாதிரி மின்னின. அவர் பார்த்தால் மெச்சுவார் என்று கொஞ்சம் ஆசையும் இருந்தது.

அடுத்த நாள் பத்து மணிக்கு ஒரு மொபெட் வாசலில் வந்து நின்றது. நடுவில் என் வீட்டுக்காரர். முன்னாலும் பின்னாலும் அவரோடு கரும்பு வெட்டுகிற ஆட்கள்.

“மேரிக்கா! அண்ணன பாம்பு கடிச்சிட்சி!”

கையிலிருந்த வாளி கீழே விழுந்தது மட்டும் எனக்கு ஞாபகம்.

“ஒண்ணும் இல்ல மேரி, கத்தாத” என்றார் அவர். நான் கத்தவே இல்லை. “கரும்பு சோகைய அள்ளும்போது கால்ல சுருக்குன்னுச்சி. வாலுதான் பாத்தேன். எந்தப் பாம்புன்னு தெரியல.”

கணுக்காலுக்குக் கீழே இரண்டு கீறல், சின்ன வீக்கம். டாக்டரம்மா கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், நாடி பிடித்தார். என் வீட்டுக்காரருக்குப் பல வருடமாக மூச்சு இழுப்பு உண்டு என்பது அவருக்குத் தெரியும். என்னைத் தனியாக அழைத்தார்.

“மேரி, விஷம் ஏறியிருந்தா மாற்று மருந்து போட்டே ஆகணும். ஆனா அந்த மருந்தே சில பேருக்கு மூச்சை அடைச்சிடும். இவருக்கு ஏற்கெனவே இழுப்பு. தேவையில்லாம போடக் கூடாது, தேவைப்பட்டா போடாம இருக்கவும் கூடாது. ரத்தம் உறையுதான்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

‘இருபது நிமிஷம்’ வந்து ரத்தம் எடுத்தார். பெட்டியிலிருந்து ஒரு டியூபை உருவி, அதில் விட்டு, ஸ்டாண்டில் நிறுத்தினார். “யாரும் தொடக் கூடாது. மேஜைய ஆட்டக் கூடாது. இருபது நிமிஷம்.”

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. வெட்டு ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் லேப் வாசலை அடைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய மேஸ்திரி கேட்டார்:

“இதுல இன்னா சார் தெரியும்?”

கேள்வி வந்துவிட்டது. அவர் நிமிர்ந்தார்.

“அரிவா பட்டு வெட்டிக்கினா கொஞ்ச நேரத்துல ரத்தம் கட்டி நின்னுடுதுல்ல? அந்த மாதிரி இதுவும் கட்டணும். விரியன் விஷம் உள்ள போச்சின்னா, ரத்தத்தக் கட்ட வெக்கிற சரக்க எல்லாம் தின்னு தீத்துடும். இருபது நிமிஷம் ஆனாலும் தண்ணியாட்டம் ஓடும்.”

“பிளாஸ்டிக் சீசால புடிச்சா ஆவாதா?”

“ஆவாது. ரத்தத்துக்கு கண்ணு இல்ல மேஸ்திரி. கண்ணாடிய தொட்டதும் ஒடம்புல எங்கியோ கிழிஞ்சி போச்சின்னு நெனச்சிக்கினு, அடைக்க ஓடியாரும். பிளாஸ்டிக்க தொட்டா அதுக்கு அந்த நெனப்பே வராது. கண்ணாடின்னாலும் புதுசா இருக்கணும். சோப்பு போட்டு கழுவிட்டா கண்ணுக்குத் தெரியாம ஒரு ஏடு ஒட்டிக்கும். ரத்தம் கண்ணாடியத் தொடவே தொடாது. எதுவும் கடிக்காத மனுசன் ரத்தம்கூட அதுல கட்டாது.”

கடிகாரத்தில் பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது.

அந்த நேரம் என் உடம்புக்குள் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. காது அடைத்துக்கொண்டது. அடிவாரத்தில் நின்றுகொண்டே அடைத்தது. ஒப்பந்த வேலை எனக்கு. ஒரு வார்த்தையில் அனுப்பிவிடலாம். ஆனால் வேலையைக்கூட நான் அப்போது நினைக்கவில்லை. அந்தப் பதினைந்து பேர் முன்னால் பேச வேண்டும் என்பதுதான் என்னைக் கட்டிப்போட்டது. உள்ளே புருஷன் படுத்திருக்கிறான், இவளுக்கு வெட்கம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்கிற விஷயம்தான்.

“சார்” என்றேன். காற்றுதான் வந்தது.

மறுபடி “சார்” என்றேன். அவர் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினார். “கேள்வியெல்லாம் கடைசில.” அதற்குள் நண்டு ரத்தத்துக்குப் போய்விட்டிருந்தார். அது நீலமாம். மேஸ்திரி நம்பவில்லை. நண்டுக்காக ஆறு நிமிஷம் போயிற்று.

இருபதாவது நிமிஷம் டியூபை எடுத்துச் சாய்த்தார். ரத்தம் இந்தப் பக்கம் ஓடியது. அந்தப் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கமும் ஓடியது.

ஒருவர் “அண்ணே!” என்று அழ ஆரம்பித்தார். டாக்டரம்மா, “சிஸ்டர், மருந்தைக் கலக்குங்க” என்றார். சிஸ்டர் பாட்டிலை உடைக்கிற சத்தம் கேட்டது.

“நான் கழுவிட்டேன்!”

யாரோ கத்துகிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

“இன்னாத்த கழுவினீங்க?” என்றார் ‘இருபது நிமிஷம்’.

“டியூபுங்கள. எல்லாத்தையும். சோப்பு போட்டு.”

“எத்தினி தடவ?”

“ரெண்டு தடவ சார்.”

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பீரோவுக்கு மேலே கையை விட்டுத் துழாவினார். பிரிக்காத பெட்டி ஒன்று வந்தது. அது மேலேயே இருந்ததால் என் கைக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் அதையும் கழுவியிருப்பேன்.

“மேடம், இன்னொரு இருபது நிமிஷம் குடுப்பீங்களா?”

டாக்டரம்மா மறுபடியும் ஈறையும் நாடியையும் பார்த்தார். “மருந்து தயாரா இருக்கட்டும். வேற அறிகுறி ஏதாவது தெரிஞ்சா நான் டியூபுக்காகக் காத்திருக்க மாட்டேன்.”

புது டியூபில் என் வீட்டுக்காரரின் ரத்தம் போயிற்று. அடுத்து ‘இருபது நிமிஷம்’ தன் சட்டைக் கையை மடித்து சிஸ்டரிடம் நீட்டினார். “என்னுதும் எடுங்க. அத மேரிக்கா கழுவின டியூபுல விடுங்க. என்ன எதுவும் கடிக்கல. அவரு ரத்தம் ஓடினா விஷம். அவருது கட்டி, என்னுது ஓடினா சோப்பு.”

இரண்டு டியூபும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவர் தரையில் உட்கார்ந்தார். பேசவில்லை.

அவர் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. பாம்பு, மருந்து, இழுப்பு எல்லாவற்றையும்விட அது என்னைக் கதிகலங்க வைத்தது. இவருக்கே சொல்ல ஒன்றும் இல்லை என்றால் நிலைமை என்ன? உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் இருமினார். இழுப்பு தொடங்குகிறதா, வெறும் இருமலா? மேஸ்திரி பீடிக் கட்டை எடுத்தார், திரும்ப வைத்தார். கடிகாரம் நாலு நிமிஷம் காட்டியது.

“எதனா சொல்லுங்க சார்” என்றேன்.

“இன்னா சொல்றது மேரிக்கா?”

“எதனா. பயமா இருக்குது.”

“நீங்க ஒருநாளும் என்ன ஒண்ணும் கேட்டதில்லியே. கேளுங்க, சொல்றேன்.”

அத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றிய ஒரே கேள்வியைக் கேட்டேன்.

“சோப்பு எப்படி சார் அழுக்க எடுக்குது?”

தரையில் விரலால் ஒரு தலைப்பிரட்டை மாதிரி வரைந்தார். “இது ஒரு சோப்புத் துணுக்கு. தலைக்கு தண்ணி புடிக்கும், வாலுக்கு எண்ணெ புடிக்கும். அழுக்குல எண்ணெ இருக்குதுல்ல, வாலெல்லாம் அதுல போய் குத்திக்கும். தலையெல்லாம் வெளிய, தண்ணி பக்கம். சுத்தி நின்னுக்கினு அழுக்க அப்படியே தூக்கினு போயிடும். தண்ணிக்கும் எண்ணெக்கும் ஆவாது. நடுவுல நின்னு ரெண்டையும் சேத்து வெக்கிறது சோப்புதான்.”

கொஞ்சம் நிறுத்தினார். வரப்போவது தெரிந்து நான் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆனா, கண்ணாடிய விட்டு அது லேசுல போவாது. இத ஊருக்கெல்லாம் சொன்னேன். கழுவுறவங்க நீங்க, உங்களுக்கு சொல்லல. தப்பு என்னுது மேரிக்கா.”

நேரம் ஆயிற்று. முதலில் தன் டியூபை எடுத்துச் சாய்த்தார். டீத்தண்ணீர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. “சோப்பு” என்றார். பிறகு மற்றதை எடுத்தார். சாய்த்தார். அசையவில்லை. இன்னும் சாய்த்தார். கடைசியில் தலைகீழாகவே கவிழ்த்துவிட்டார். ரத்தம் நுங்கு மாதிரி உள்ளேயே நின்றது.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது: “யோவ், உயிரோட கீறனா இல்லியா, எவனாவது சொல்லுங்களேன்யா!”

டாக்டரம்மா சிரித்தார். ஆனால் விடவில்லை. விஷம் மெதுவாகவும் ஏறலாம், ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுச் சோதிக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு தடவையும் புதுப் பெட்டியிலிருந்து டியூபு எடுத்தார்கள்.

சாயந்திரம் லேபைத் துடைக்கப் போனபோது ரிஜிஸ்டர் திறந்திருந்தது. முதல் டியூபுக்கு நேராக, ‘கழுவிய டியூப். சொல்லிவைக்காதது என் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். என் பெயர் எங்கேயும் இல்லை.

இரண்டு வருடம் முன்னால் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது இருக்கிறவர் நல்லவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார், டெஸ்ட் எல்லாம் சீக்கிரம் முடிகிறது. அந்த லேபைத் துடைக்க முன்பெல்லாம் எனக்கு அரைமணி ஆகும். இப்போது பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறேன்.

பாம்பு கடித்த மறுநாள் பதினொரு மணிக்குக் கடைசி டியூபும் உறைந்தது. என் வீட்டுக்காரர் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். நான் ஒரு மணி வரைக்கும் வேலை பார்த்துவிட்டுப் போனேன்.